கரையும் இளைப்பாறட்டும்



தாய்லாந்தின் பீ பீ லே தீவிலுள்ள மாயா விரிகுடா, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றது. நாளொன்றுக்கு 5,000 பேர் வரை அங்கே திரண்டனர். படகுகளின் நங்கூரங்கள் பவளப்பாறைகளைச் சிதைத்தன. 2018 ஜூன் மாதத்தில், வருவாயைப் பாராமல் அரசு அக்கரையை மூடிற்று. மனிதர் விலகிய நீருக்குக் கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்தன. பவளங்கள் புதிதாக நடப்பட்டன. 2022 ஜனவரியில் கரை திறக்கப்பட்டபோது, படகுகளுக்கு விரிகுடாவுக்குள் இடமில்லை.

ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடும்படி நியாயப்பிரமாணம் கட்டளையிட்டதன் பொருள் இங்கே விளங்குகிறதல்லவா? நாம் இளைப்பாறச் செல்லும் கரைக்கும் இளைப்பாறுதல் தேவை. விடுமுறைப் பயணத்துக்கு ஆயத்தமாகும் நீங்கள், அக்கரை ஓய்ந்திருக்கும் காலம் எதுவென்று முதலில் விசாரித்தறியுங்கள்.