பனிக்கு என்ன கலர்?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே பைக். பழைய பல்சர் 150. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக்குக்கும் புதுசு விலை வந்திருந்தது. எங்களில் மூத்தவனின் கொழும்புக் கடைச் சம்பளமும், கம்பஸ் போகிற இளையவனின் மஹாபொலக் காசும் சேர்ந்துதான் அது லயத்து வாசலுக்கு வந்தது.

லிந்துலைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பனியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தலவாக்கலை ரோட்டில் முன்னால் போகிற ஆட்டோவின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டேதான் போகணும். அம்மாவுக்கு இளைப்பு வரும். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு அவங்களை நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோட்டத்து ரோட்டில் பள்ளம் எது, தேயிலை எது என்று தெரியவில்லை. ஹைபீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர். பின்னால் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. அன்றைக்கே முடிவெடுத்தோம், எக்ஸ்ட்ரா லைட் பூட்டணும்.

உண்மையைச் சொன்னால், கடைக்குப் போனதும் அம்மாவை மறந்துவிட்டோம். ஹட்டன் பார்ட்ஸ் கடையில் நீலம், பச்சை, ஊதா என்று திருவிழாக் கோயில் மாதிரி எரிந்தது. நாங்கள் எடுத்தது நீலம். போட்டோவில் அள்ளுதே! வயரை நேராக ஹெட்லைட் வயரில் முறுக்கி நாங்களே பூட்டினோம். மூன்று நாள் தோட்டம் முழுக்க எங்களைப் பற்றித்தான் பேச்சு.

நாலாவது நாள் பனியில் வளைவு திரும்பியபோது 'ஐயோ' என்று ஒரு சத்தம். பக்கத்து லயத்துப் பாட்டி, கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நடந்து வந்தவங்க, கண் கூசி கானுக்குள் காலை விட்டுவிட்டாங்க. கால் பிசகியிருந்தது. பையிலிருந்த மாவு முழுக்கத் தண்ணீரில்.

"ஏன்டா தம்பிகளா, ஒங்களுக்கு வழி தெரியணும்னு என் கண்ணை அவிச்சிட்டீங்களே" என்றாங்க.

பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பாட்டிக்கு இரண்டு கிழமை மலைக்குப் போக முடியவில்லை. நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்த நேரம் அது. பாட்டி போகாத நாட்களை அம்மா எங்கள் முன்னாலேயே கூட்டிக் கணக்குச் சொன்னாங்க. அதே வாரம் ஹெட்லைட் சுவிட்சும் கருகியது.

அதன் பிறகுதான் ஒழுங்காகத் தேடிப் படித்தோம். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைத்துப் போகும் என்பது பாதிக் கதைதான். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். ஆனால் நீலம் அதிகமுள்ள வெளிச்சம் கண்ணைக் கூடுதலாகக் கூசவைக்கும். பிரான்சில் 1930களின் இறுதியிலிருந்து 1993 வரை வண்டிகளுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம். நிறத்தைவிட முக்கியம் லைட் இருக்கிற உயரமும் அது விழுகிற இடமும். கீழே பூட்டி, அகலமாக, தரையைப் பார்த்து அடிக்க வேண்டும். மேலே அடித்தால் பனி அதை நம் முகத்துக்கே திருப்பி அனுப்பும்.

கராஜ் பாஸ் வயரிங்கைக் காட்டித் தந்தார். 20 வாட் லைட் இரண்டு, 12 வோல்ட் பேட்டரி, 3.3 அம்பியர் அளவில் இழுக்கும். அதைச் சின்ன சுவிட்ச் தாங்காது. அதனால் பேட்டரியிலிருந்து 5 அம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் பின், 87இலிருந்து லைட்டுக்கு. சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். "பியூஸை பேட்டரிக்குப் பக்கத்துலயே வைங்க, வயர் உரசினாலும் பைக் எரியாது" என்றார்.

இப்போது மஞ்சள் லைட் இரண்டு, எஞ்சின் கார்டில், முன்சக்கர அச்சு உயரத்தில். பனி இருந்தால் மட்டும் போடுவோம். எதிரே ஆள் வந்தால் அணைப்போம்.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸ் பஸ், ஆட்டோக்களின் கலர் லைட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தபோது நம்ம பெடியன்கள் நிறையப் பேர் கொதித்தார்கள். அந்தக் கோபம் எங்களுக்குப் புரியும். பத்தடிக் காம்பராவில் வளர்ந்தவனுக்கு ரோட்டில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் ரோட்டில் நடக்கிறவர்களும் நம்ம ஆட்கள்தான். 2023 ஜனவரி 20, ரதல்ல குறுக்கு வீதியில் பஸ், வேன், ஆட்டோ மோதி 7 பேர் போனதை நாங்கள் மறக்கவில்லை. அந்தப் பக்கம் பைக்கில் போகிறோம் என்றாலே அம்மா இன்னும் வாசலில் நிற்பாங்க.

போன மாசம் பாட்டியைக் கடையிலிருந்து பைக்கில் ஏற்றி வந்தோம். நல்ல பனி. பாதி வழியில் தோளைத் தட்டி, "இதென்ன, குத்துவிளக்கு மாதிரி எரியுது" என்றாங்க. பாராட்டா, கிண்டலா என்று கேட்கவில்லை. மெதுவாகவே ஓட்டினோம்.