மைலேஜ் கூடியது சரி... புகை குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். சென்டர் ஸ்டாண்டு போட்ட பைக், பழைய பனியன் துணி, ஒரு ஸ்பேனர் செட், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத் தலைவர். செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி பக்கத்தில் ஒரு பிள்ளை. ‘மைலேஜ் எங்கே போகுதுன்னு இன்னிக்குப் பார்த்துடணும்’ என்ற சபதத்தோடு வேலை தொடங்கும். உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: “ஏங்க, கழட்டினதை எல்லாம் திரும்ப மாட்டிடுவீங்கல்ல?”

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அவருடைய கவலை நியாயமானது. தினமும் 30 கிலோமீட்டர் ஓடும் வண்டி, மாதம் 25 நாளில் 750 கிலோமீட்டர் ஓடிவிடும். லிட்டருக்கு 45 கொடுத்தால் 16.7 லிட்டர் செலவாகும். 50 கொடுத்தால் 15 லிட்டர் போதும். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 170 ரூபாய், வருடத்துக்கு 2,000 ரூபாய் மிச்சம். பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கு ஆகும்.

கூடவே காற்றுக்கும் நல்லது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். ஆனால் அது எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது. பெட்ரோல் குறைந்தால் இதுவும் குறையும்.

இதை வைத்துத்தான் பலரும், மைலேஜ் கூடினால் புகையும் தானாகவே குறையும் என்று நம்புகிறார்கள். இது பாதி உண்மை. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் போன்றவை எவ்வளவு வரும் என்பது, எவ்வளவு பெட்ரோல் எரிகிறது என்பதைவிட அது எப்படி எரிகிறது என்பதைப் பொறுத்தது.

கார்புரேட்டர் வண்டியின் மிக்ஸர் ஸ்க்ரூவையே எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் ஸ்பார்க் பிளக் கரி பிடித்துக் கறுப்பாகும். கார்பன் மோனாக்சைடும் கூடும். அளவு சரியாக இருந்தால் பிளக் இளம் பழுப்பில் இருக்கும். மைலேஜுக்கு ஆசைப்பட்டுப் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போனால் பிளக் வெளிறிவிடும். அப்போது இன்ஜின் சூடாகும். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறும். இன்னும் குறைத்தால் இன்ஜின் திக்கித் திணறி, எரியாத பெட்ரோலையும் வெளியே தள்ளும்.

புகைப் பரிசோதனை மையத்தில் பைக்குக்குப் பார்ப்பது கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும்தான். அதுவும் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது. நைட்ரஜன் ஆக்சைடு அந்தச் சீட்டில் வராது. சீட்டு ‘பாஸ்’ என்று சொன்னாலும் மூச்சுக்குழாய் அப்படிச் சொல்லிவிடாது. இதே வாயு வெயிலில் மற்ற புகையோடு சேர்ந்து ஓசோனாகி நெஞ்சை எரிக்கும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அதே அளவு பெட்ரோலோடு ஒப்பிட்டால் எத்தனாலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எனவே மைலேஜ் கொஞ்சம் இறங்குவதை வண்டியின் கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைத்த மாதிரி ஏற்கெனவே ஆகியிருக்கும். அதற்கு மேலும் ஸ்க்ரூவைத் திருகினால் இன்ஜின்தான் பலியாகும்.

2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஸ்க்ரூவே இல்லை. சென்சார் பார்த்து, சின்னக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. ஆனாலும் கை சும்மா இருப்பதில்லை, சைலன்சருக்குப் போகிறது. உள்ளே தேன்கூடு போல இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ‘அடைப்பு’ என்று எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. விஷ வாயுக்களை மாற்றிவிடும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் அதில்தான் பூசியிருக்கின்றன. எடுத்துவிட்டால் பின்னால் வருகிறவர் முகத்தில் அத்தனையும் நேராக அடிக்கும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 5,000 ரூபாய் அபராதமும் உண்டு, சிறைக்கும் இடமிருக்கிறது.

பேட்டரியால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ‘கிட்’ இன்னொரு ஆசை. தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் மின்சாரத்தை அதே இன்ஜின்தான் பெட்ரோல் எரித்துத் தர வேண்டும். போட்டதைவிட அதிகமாகத் திரும்பக் கிடைக்காது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-களிலிருந்து, எரிபொருள் சேமிப்பதாகச் சொன்ன நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தது. அவற்றில் மிகச் சிலவே கொஞ்சம் பலன் தந்தன. 1996-ல் ‘மூலிகை பெட்ரோல்’ கிளப்பிய பரபரப்பைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

அப்படியென்றால் வீட்டில் ஒன்றுமே செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். பலன் தருபவை எல்லாம் பார்க்கச் சப்பென்று இருக்கும் வேலைகள்தான். வாரம் ஒருமுறை, வண்டி சூடாவதற்கு முன் டயரில் சரியான காற்று. செயினுக்குச் சுத்தமும் எண்ணெயும். பிரேக் உரசாமல் சக்கரம் சுதந்திரமாகச் சுழல்கிறதா என்று கையால் சுற்றிப் பார்ப்பது. கார்புரேட்டர் வண்டி என்றால் ஏர் ஃபில்டரில் தூசு அடைக்காமல் பார்த்துக்கொள்வது. நீண்ட சிக்னலில் இன்ஜினை அணைப்பது. சீரான வேகத்தில் போவது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இவை பெட்ரோலையும் குறைக்கும், புகையையும் கூட்டாது.

ஒவ்வொன்றாக மாற்றி, டேங்க் நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி, கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து எழுதிவைக்க வேண்டும். ஒரு டேங்க் கணக்கை நம்பக் கூடாது; நான்கைந்து வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பதென்றால் மூடிய போர்ட்டிகோவில் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; பக்கத்தில் டார்ச் பிடிப்பது பிள்ளை.

மிச்சமாகும் 170 ரூபாய் நம் பாக்கெட்டுக்கு வரும். கூடுதலாகும் புகை யார் நெஞ்சுக்குப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மைலேஜ் கணக்கு முடியும்.