பாரிஸ் 13ஆம் வட்டாரத்தில் ஒரு கிண்ணம் ஃபோ

பாரிஸ் நகரின் தெற்கு ஓரத்தில் ஷுவாசி அவென்யு, இவ்ரி அவென்யு, மசேனா பூல்வார் ஆகிய மூன்று சாலைகளுக்கு நடுவே ஒரு முக்கோணம் இருக்கிறது. 13ஆம் வட்டாரத்தைச் சேர்ந்த இந்தப் பகுதியில் முப்பது மாடிக் குடியிருப்புக் கோபுரங்களும், அவற்றின் காலடியில் வரிசையாக வியட்நாமிய, சீன, கம்போடிய, லாவோஸ் உணவகங்களும் உள்ளன. வெள்ளைத் துணி விரித்த மேசை, மதுப் பட்டியல், மெழுகுவத்தி எதுவும் இங்கே கிடையாது. ஃபார்மைக்கா மேசையில் சாப்ஸ்டிக் நிரப்பிய குவளை, மிளகாய்ச் சாஸ் குப்பி, காகிதக் கைத்துடைப்பான், இவ்வளவுதான் ஏற்பாடு. பாரிஸுக்குப் போகிறவர்கள் பிரெஞ்சு உணவை விட்டுவிட்டு இங்கே எதற்கு வர வேண்டும் என்று கேட்பதுண்டு. நூறாண்டுக்கும் மேலாகப் பிரான்சோடு பிணைந்து வந்த மக்களின் உணவு இது. பாரிஸ்காரர்களின் வாரநாள் மதியச் சாப்பாடுகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. அந்த நகரத்தை அறிய விரும்புகிறவர் ஒரு வேளையாவது இங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

வியட்நாமியர் இங்கே குடியேறிய கதையில் கட்டடங்களுக்கும் பங்குண்டு. 1960களின் இறுதியில் இப்பகுதியின் பழைய தொழிற்சாலைகளையும் சரக்குக் கிடங்குகளையும் அகற்றிவிட்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுப்பும் பெருந்திட்டம் தொடங்கியது. லெ ஒலிம்பியாத் என்ற வளாகத்தின் கோபுரங்களுக்கு சப்போரோ, மெக்ஸிகோ, ஹெல்சிங்கி, ஏதென்ஸ் என்று ஒலிம்பிக் நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நடுத்தர வர்க்க பாரிஸ்காரர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட அந்த வீடுகளில் குடியேற அவர்கள் விரும்பவில்லை. பல வீடுகள் காலியாகக் கிடந்த அதே நேரத்தில், 1975 ஏப்ரலில், கம்போடியத் தலைநகர் நொம்பென்னும் தென் வியட்நாமின் தலைநகர் சைகோனும் கம்யூனிஸ்ட் படைகளிடம் வீழ்ந்தன. ஒரு காலத்தில் பிரான்ஸ் ஆண்ட இந்தோசீனாவிலிருந்து, அதாவது வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து, வந்த அகதிகள் அந்தக் காலி வீடுகளில் வாடகைக்குக் குடிபுகுந்தார்கள். ஒலிம்பியாத் மேடைத்தளத்தில் உள்ள கடைகளின் கூரைகள் பகோடா வடிவில் வளைந்திருக்கும். ஆசியர்களுக்காகக் கட்டியவை என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே அவை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருந்தன.

வந்தவர்களில் பெரும்பகுதியினர் வியட்நாமிலும் கம்போடியாவிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர், குறிப்பாகத் தியோச்சு மொழி பேசுபவர்கள். 1978இல் தென் வியட்நாமில் தனியார் வணிகம் முடக்கப்பட்டபோது அதில் மிகுதியாக அடிபட்டவர்களும் அவர்களே. படகுகளில் கடலேறிய மக்களைக் காப்பாற்ற 1979இல் பிரெஞ்சு அறிவாளிகள் ஒரு கப்பலை அனுப்பத் திரண்டபோது, பல்லாண்டு காலமாக அரசியலில் எதிரெதிர் முகாம்களில் நின்ற ழான் போல் சார்த்தரும் ரேமோன் ஆரோனும் ஒரே மேசையில் அமர்ந்து ஆதரவு திரட்டினார்கள். இந்த வரலாற்றால்தான் 13ஆம் வட்டாரத்தின் வியட்நாமிய உணவகத்தில் பட்டியல் மூன்று மொழிகளில் இருக்கிறது. சமையலறையில் தியோச்சுவும் பரிமாறும் இடத்தில் வியட்நாமிய மொழியும் பிரெஞ்சும் கேட்கின்றன. லாவோஸிலிருந்து வந்த சீன வம்சாவளிச் சகோதரர்கள் 1976இல் தொடங்கிய தாங் ஃப்ரேர் நிறுவனத்தின் பேரங்காடி இவ்ரி அவென்யுவில் உள்ளது. கீரைகளும் அரிசி நூடுல்ஸும் மீன் சாஸும் வாங்க பாரிஸின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள்.

வியட்நாமியர் பிரான்சுக்கு வந்தது 1975இல் தொடங்கியதன்று. முதல் உலகப் போரின்போது போர்வீரர்களாகவும் ஆலைத் தொழிலாளர்களாகவும் சுமார் 90,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். இரண்டாம் போரின் தொடக்கத்தில் மேலும் 20,000 தொழிலாளர்கள் வந்தார்கள்; அவர்களில் ஒரு பகுதியினர் தெற்கே கமார்க் சமவெளியில் நெற்பயிரை வேரூன்றச் செய்தார்கள். பின்னாளில் ஹோ சி மின் என்று உலகம் அறிந்த இளைஞர் முதல் போர் முடிந்த காலத்தில் பாரிஸில் புகைப்படங்களுக்கு மெருகேற்றிப் பிழைத்துக்கொண்டே அரசியல் எழுதினார். 1954இல் பிரெஞ்சுப் படை வட வியட்நாமின் தியன் பியன் ஃபூவில் தோற்ற பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பங்கள் கப்பலேறி வந்தன. லத்தீன் குவார்ட்டர் பக்கத்தில் மாணவர்களை நம்பி நடந்த பழைய வியட்நாமிய உணவகங்கள் இந்த முந்தைய அலைகளைச் சேர்ந்தவை. 13ஆம் வட்டாரம் அவற்றை அளவிலும் சுவையிலும் விஞ்சியது பின்னர்தான்.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஃபோ: அகலக் கிண்ணத்தில் பட்டையான அரிசி நூடுல்ஸ், அதன் மேல் மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகள், அதன் மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய எலும்புச் சாறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோய், நாம் தின் பகுதிகளில் தோள்காவடியில் அடுப்பும் பானையும் சுமந்த தெரு வியாபாரிகளிடம் உருவான உணவு இது. அதுவரை வியட்நாமில் மாடு உழவுக்கானது. அதை அறுத்துச் சாப்பிடுவது அரிது. பிரெஞ்சு அதிகாரிகளும் சிப்பாய்களும் இறைச்சி கேட்டதால் மாடுகள் அறுக்கப்பட்டன. எலும்பும் கழிவுத் துண்டுகளும் மலிவாகக் கிடைத்தன. தென்சீனத்து நூடுல்ஸ் விற்பவர்களின் கைப்பழக்கம் அவற்றோடு சேர்ந்தது. இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் கருக்கிச் சாற்றில் போடும் முறை, பிரெஞ்சுக்காரர்கள் பொத்தோஃபே என்னும் மாட்டிறைச்சிக் குழம்பில் வெங்காயத்தைக் கருக்கிச் சேர்ப்பதிலிருந்து வந்தது என்று கருதுவோரும் உண்டு. அந்தக் குழம்பை மையமாக வைத்த பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்றுக்காக 2023 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற திரான் ஆன் ஹூங், வியட்நாமில் பிறந்து சிறுவயதிலேயே பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர்.

சாறு வைப்பதில்தான் கடைக்குக் கடை வேறுபாடு தெரிகிறது. எலும்புகளை முதலில் ஒரு கொதி விட்டு, அழுக்கு நுரையோடு அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு புது நீரில், தளதளவென்று கொதிக்கவிடாமல், சிறுதீயில் பல மணி நேரம் வைக்க வேண்டும். தீ கூடினால் கொழுப்பு கலந்து சாறு கலங்கிவிடும். வறுத்த அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கருப்பு ஏலக்காய் ஆகியவை துணி முடிப்பில் உள்ளே போகின்றன. உப்புக்கு மீன் சாஸ், இனிப்புக்குக் கற்கண்டு. நல்ல சாறு தெளிந்த தேன் நிறத்தில் இருக்கும்; நாவில் முதலில் எலும்பின் இனிப்பும் பிறகு அன்னாசிப்பூவின் மணமும் படும். மசாலாவின் மணமே முந்திக்கொண்டால் எலும்பு போதவில்லை என்று கொள்ளலாம்.

1954இல் வியட்நாம் 17ஆவது அட்சரேகையில் இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே சென்றார்கள். ஃபோவும் அவர்களோடு சைகோனுக்குப் போனது. வடக்கில் வெங்காயத்தாள் தூவி எளிமையாகப் பரிமாறிய கிண்ணத்துக்கு, தெற்கில் முளைகட்டிய பயறும், தழைகளும், எலுமிச்சையும், கறுப்புச் சோயா சாஸும் துணையாயின. பாரிஸுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தெற்கத்தியர்கள் என்பதால் 13ஆம் வட்டாரத்தில் பரிமாறப்படுவது சைகோன் முறைதான்.

பயணி செய்ய வேண்டியவை அதிகமில்லை. உள்ளே நுழைந்ததும் "போன்ழூர்" சொல்வது பாரிஸில் எங்கும் எதிர்பார்க்கப்படும் மரியாதை. அதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் முகம் சுளிப்பார்கள். எத்தனை பேர் என்பதை விரலால் காட்டினால் போதும், இடம் காட்டப்படும். மேசைகள் நெருக்கமாக இருக்கும். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் அமர்வார். ஷுவாசி அவென்யுவில் ஃபோ 14 போன்ற பெயர்பெற்ற கடைகளின் வாசலில் உணவு நேரத்தில் வரிசை நிற்கும். ஆனால் அது விரைவாக நகரும், ஏனெனில் சாப்பிட்டு முடித்த பின் யாரும் வெகுநேரம் உட்கார்ந்திருப்பதில்லை. பட்டியலில் ஒவ்வொரு உணவுக்கும் எண் இருப்பதால் உச்சரிப்பைப் பற்றிய கவலை வேண்டாம். சிறிய கிண்ணமா பெரிய கிண்ணமா என்று கேட்பார்கள். சிறியதே ஒருவருக்குத் தாராளம். பச்சை இறைச்சித் துண்டுகள் போட்டது, வேகவைத்த மார்புக்கறி போட்டது, தசைநாரும் இரைப்பையும் இறைச்சி உருண்டையும் எல்லாம் சேர்ந்தது என்று வகைகள் உண்டு. பச்சைத் துண்டுகள் கொதிக்கும் சாற்றில் மேசைக்கு வருவதற்குள் வெந்துவிடும்.

கிண்ணத்துக்கு முன்பே ஒரு தட்டு நிறையத் தழைகள் வரும்: ஊதாத் தண்டுடைய திருநீற்றுப்பச்சிலை வகை, விளிம்பில் முள் போன்ற பற்களுள்ள நீள இலைக் கொத்தமல்லி, முளைகட்டிய பச்சைப்பயறு, எலுமிச்சைத் துண்டு, சிவப்பு மிளகாய். எதையும் சேர்க்காமல் முதலில் இரண்டு கரண்டி சாறு குடித்துப் பார்ப்பதே சமைத்தவருக்குச் செய்யும் நியாயம். பிறகு எலுமிச்சையைப் பிழியலாம். இலைகளைக் கையால் கிள்ளிப் போடலாம், கத்தி வேண்டாம். கறுப்புச் சாஸையும் மிளகாய்ச் சாஸையும் கிண்ணத்தில் ஊற்றினால் பல மணி நேர உழைப்பு இனிப்பில் மூழ்கிவிடும். சிறு தட்டில் ஊற்றி இறைச்சியைத் தொட்டுச் சாப்பிடுவது மேல். வலக்கையில் சாப்ஸ்டிக், இடக்கையில் கரண்டி என்று இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். உறிஞ்சும் ஓசையை யாரும் தவறாக நினைப்பதில்லை.

கோடைக்கு ஏற்றது போபூன். இடியாப்பம் போன்ற மெல்லிய அரிசி நூலின் மேல் எலுமிச்சைப் புல் சேர்த்து வதக்கிய மாட்டிறைச்சி, கேரட், வெள்ளரி, புதினா, பொடித்த நிலக்கடலை, நறுக்கிய பொரித்த சுருள் ஆகியவற்றை அடுக்கி, இனிப்பும் புளிப்புமான மீன் சாஸை ஊற்றிக் கலந்து சாப்பிடுவது. சாறு கிடையாது, சூடும் குறைவு. பிரான்சில் நெம் என்று வழங்கும் அந்தப் பொரித்த சுருளைத் தனியாகவும் வாங்கலாம்; லெட்யூஸ் இலையில் புதினாவோடு சுற்றித் தொட்டுக்கொள்வதுதான் முறை. முள்கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டால் பாதிச் சுவை போய்விடும். கையில் எடுத்துக்கொண்டு நடக்க பான் மீ இருக்கிறது: பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமுக்குக் கொண்டுபோன நீள ரொட்டி, அங்கே ஈரல் விழுதும் ஊறவைத்த கேரட் முள்ளங்கியும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் திணிக்கப்பட்டு, அந்த வடிவிலேயே பாரிஸுக்குத் திரும்பியிருக்கிறது.

சில கடைகளின் பட்டியலில் கா ரி கா என்ற கோழிக் குழம்பைக் காணலாம். தமிழர்கள் அதை ஒரு முறை வாங்கிப் பார்க்க வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேங்காய்ப் பாலும் எலுமிச்சைப் புல்லும் சேர்ந்த, காரம் குறைந்த மஞ்சள் குழம்பு. ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். தென் வியட்நாமுக்குக் கறிமசாலாவைக் கொண்டுசென்றவர்கள் இந்தியர்கள், அவர்களில் தமிழர்கள் முன்னணியில் இருந்தார்கள். 1881 ஆணைப்படி தங்கள் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பலர் சைகோனில் காவல், சுங்கம், அஞ்சல் துறைகளில் வேலை பார்த்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மேக்கோங் கழிமுகத்து நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். சைகோனில் அவர்கள் காலத்து மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமியர்களே பெருந்திரளாக வழிபடுகிறார்கள். சைகோனிலிருந்து ஊர் திரும்பிய புதுச்சேரிக் குடும்பங்கள் சிலவற்றில் விருந்து நாளில் பொரித்த சுருள் செய்யும் வழக்கம் தொடர்கிறது.

சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே விசாரிப்பது அவசியம். காய்கறி ஃபோ என்று எழுதியிருந்தாலும் சாறு எலும்புச் சாறாக இருக்கலாம். தொட்டுக்கொள்ளும் சாஸில் மீன் இருக்கும். பௌத்த நோன்புச் சமையலைக் குறிக்கும் "சாய்" என்ற சொல் பட்டியலில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்குக் கோழிச் சாற்றில் செய்த ஃபோ கா உண்டு. அது சில கடைகளில் மாட்டுச் சாற்றிலேயே வருவதால் இதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

உணவுக்குப் பின் காப்பி. சிறு உலோக வடிகட்டியிலிருந்து கறுப்பு டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாகக் கெட்டிப்பால் மேல் இறங்கும். கலக்கி, ஐஸில் ஊற்றிக் குடிக்க வேண்டும். வியட்நாமில் காப்பிச் செடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்டவர்கள் பிரெஞ்சுப் பாதிரிமார்கள். வெப்ப நாட்டில் புதுப்பால் கிடைக்காத குறையைக் கெட்டிப்பால் தீர்த்தது. இன்று உலகக் காப்பி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு.

குழாய்த் தண்ணீர் பிரான்சில் உணவோடு இலவசம். "கராஃப் தோ" என்று கேட்டால் குடுவையில் தருவார்கள். விலையில் சேவைக் கட்டணம் அடங்கியிருப்பதால் தனியே கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல கடைகளில் எழுந்து கல்லாவுக்குப் போய்ப் பணம் செலுத்துவது வழக்கம். அட்டையை ஏற்காத சிறு கடைகளும் இருப்பதால் கையில் கொஞ்சம் நாணயமும் நோட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பாரிஸின் பிரெஞ்சு உணவகங்கள் பல மதியம் இரண்டரைக்குச் சமையலறையை மூடி மாலை ஏழுக்குத்தான் திறக்கும். இங்கே பல கடைகளில் இடைவெளியின்றி அடுப்பு எரிவதால், மாலை நான்கு மணிக்குப் போகிறவருக்கு இடமும் கிடைக்கும், சாறும் கிடைக்கும். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் தங்கியிருப்பவர்கள் கார் து லெஸ்ட் நிலையத்தில் 7ஆம் எண் மெட்ரோ ஏறினால், மாறாமல் தொல்பியாக்கில் இறங்கி நடக்கலாம். 14ஆம் எண் மெட்ரோ ஒலிம்பியாத் நிலையத்தில் இறக்கிவிடும்.