எட்டு ஏற்காடு, ஒரு கிலோ!

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், டாக்டர் என் இரத்தப் பரிசோதனைக் காகிதத்தை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். இரண்டில் எது அதிகக் கவலைக்குரியது என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை போலிருந்தது.

"சர்க்கரை வியாதி உங்களுக்கு இன்னும் வரவில்லை, அம்மா. ஆனால் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கூப்பிடுவதும் விரட்டி அடிப்பதும் உங்கள் கையில்தான்" என்றார்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்தப் பரிசோதனையில் என் கணக்கு 6.2. அது 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5-ஐத் தொட்டால் வியாதி. என் வயது 36. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். எடை 76 கிலோ. பத்திரிகை ஆபீஸில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பிறருடைய பிரயாணக் கட்டுரைகளைத் திருத்திக் கொண்டிருந்ததன் பலன்!

திண்ணையில் வந்து உட்கார்ந்தவரை எனக்கு முன்பே தெரியும். எங்கள் வீட்டில் அம்மாவிடம் அவர் பன்னிரண்டு வருஷமாகக் குடித்தனம் இருக்கிறார். நடு ராத்திரியில் பாதம் எரிகிறது என்று அம்மா எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போடாமல், யாரையும் எழுப்பாமல், காலைத் தேய்த்துக் கொண்டிருப்பாள். அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, பார்க்காதவள் போலத் திரும்பிப் படுத்துமிருக்கிறேன்.

"நடங்கள்" என்றார் டாக்டர். முழங்கால் வலிக்கிறது என்றேன். "நீந்துங்கள்." தண்ணீரென்றால் பயம் என்றேன். "சைக்கிள் விடுங்களேன். உடம்பின் பாரத்தை ஆசனம் வாங்கிக் கொள்ளும், முழங்காலுக்கு அவ்வளவு சிரமமில்லை" என்றார். அதற்குச் சொல்ல என்னிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

* * *

வீட்டுக்கு வந்து சமாசாரத்தைச் சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"சைக்கிளா? அது நான் விட்டதாச்சே, ஆத்தா!"

அம்மாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். 1991-ஆம் ஆண்டில் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துக் கற்றுக் கொடுப்பதோடு, பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஆயாக்கள், வாத்தியாரம்மாக்கள் என்று பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஏறிப் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பலர் கற்றுக் கொண்டார்கள். 'பார் இருந்தால்தானே குழந்தையை முன்னால் உட்கார வைக்கலாம்' என்று அதுவே சௌகரியம் என்றார்களாம்! அந்தப் பாரில் உட்கார்ந்து போன குழந்தைகளில் நானும் ஒருத்தி.

பிறகு அப்பாவுக்குச் சென்னையில் உத்தியோகம். சைக்கிளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். பட்டணத்தில் பஸ் இருந்தது, கிரைண்டர் இருந்தது, எல்லாம் இருந்தது. அம்மாவின் கால்களுக்குத்தான் வேலை இல்லாமற் போயிற்று.

"ஏறினதும் முன் சக்கரத்தைப் பார்க்காதே. தூரத்திலே பாரு. சக்கரம் தானா வரும்" என்றாள் அம்மா. எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

* * *

கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் முதலில் ஆசனத்தின் உயரத்தைச் சரி செய்தார். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். ஆசனம் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். உயர்ந்திருந்தால் இடுப்பு ஆடும். எத்தனையோ பெண்கள் "சைக்கிள் விட்டால் முழங்கால் வலிக்கிறது" என்று நிறுத்திவிடுவதற்கு, இரண்டு அங்குலம் தாழ்ந்த ஆசனமே காரணமாயிருக்கலாம்.

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்தச் சாலை வேறொரு சாலை. நீலாங்கரை வரையில் ஊர் விழித்துக் கொண்டிருக்கும். பால் பாக்கெட்டுகள், கோலம், கோவில் மணி. அப்புறம் இடது பக்கத்து மனைகளின் இடைவெளியில் உப்புக் காற்று புகுந்து முகத்தில் அடிக்கும். முதல் வாரம் நீலாங்கரையோடு திரும்பினேன். இரண்டாம் மாதம் முட்டுக்காடு வரையில் போய்விட்டேன். பாலத்தின் மேல் சைக்கிளைச் சாய்த்து வைத்து, கழிமுகத்துத் தண்ணீரில் சூரியன் விழுவதைப் பார்த்தபோது, 'இதையா இத்தனை வருஷம் போர்வைக்குள் படுத்துத் தவற விட்டோம்!' என்றிருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து எடை பார்க்கும் யந்திரத்தின் மேல் ஏறினேன். இரண்டு மாதத்தில் ஒன்றே கால் கிலோ குறைந்திருந்தது! அன்று யந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சைக்கிளையும் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, "முட்டுக்காடு சமதரை, அதனால்தான் இளைக்கவில்லை. மலை ஏற வேண்டும்" என்று தோன்றியது. ஆசிரியரிடம் சொன்னேன். "ஏற்காடு போய் வந்து எழுதுங்களேன்" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டார். ஏறப் போவது அவர் அல்லவே!

* * *

மாசி மாதம். தம்பி மோட்டாரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக் கொண்டு, அம்மாவுடன் சேலத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏற்காடு அடிவாரத்தில் நின்றேன். தலையில் ஹெல்மெட், பையில் இரண்டு பாட்டில் தண்ணீர், நான்கு வாழைப்பழம், கடலை மிட்டாய். எதிரே சேர்வராயன் மலை.

அடிவாரத்திலிருந்து மேலே சுமார் இருபது கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் ஆயிரம் மீட்டருக்குக் குறையாது. நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் ஏறுகிறோம் என்று சராசரிக் கணக்கு. நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். மோட்டாரில் போகிறவர்களுக்கு அது அலங்காரம். சைக்கிளில் போகிறவளுக்கு அது கடன் பத்திரம்.

முதல் வளைவை வீராவேசமாக ஏறினேன். இரண்டாவதில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் காதில் தபேலா வாசித்தது. அங்கே மோட்டாரை நிறுத்திக் காத்திருந்த அம்மா தலையை வெளியே நீட்டி, "பெரியம்மா பேத்தி கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம், ஆத்தா?" என்று கேட்டாள். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது.

"பதில் சொல்ல முடியாத வேகத்திலே போகாதே. மெதுவா மிதி" என்றாள்.

பிற்பாடு விசாரித்ததில், விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதும் இதேதான் என்று தெரிந்தது. பாட முடிந்தால் போதாத வேகம். பேசவே முடியாவிட்டால் அதிக வேகம். இரண்டு வாக்கியம் பேச முடிந்தால் நீண்ட நேரம் தாங்கும் சரியான வேகம். மிக இலேசான கியருக்கு மாற்றினேன். கால் வேகமாகச் சுற்றியது; சைக்கிள் நத்தை போல நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது! அப்புறம் வளைவுக்கு வளைவு அம்மா ஒரு கேள்வி கேட்பாள். அரிசி என்ன விலை, அத்தை ஏன் கோபித்துக் கொண்டாள் என்று குடும்ப விவகாரம் முழுவதும் அந்த மலைப்பாதையில் பைசலாயிற்று.

இன்னொன்றும் கற்றேன். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள் ஓரத்தில் மாட்டிக் கொள்கிறோம். ஏற்றம் அங்கேதான் செங்குத்து. வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளி ஓரம் நமக்கு. அது சற்றுத் தயவு காட்டும். மோட்டாரில் எத்தனை தடவை போனாலும் இது தெரியாது.

ஒன்பதாவது வளைவில், அது இடப்பக்கத்து வளைவு, இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. தோல்வியென்று நினைத்துக் கண்ணில் நீர் முட்டியது. ஓரத்தில் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "ஏன் கண்ணு, பஸ்ஸு கிடைக்கலையா?" என்று கேட்டாள்.

"உடம்பு இளைக்கறதுக்காக ஏறறேன், பாட்டி."

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்க வயித்துக்காக ஏறுறோம். நீ வயித்தைக் குறைக்க ஏறுறியாக்கும்! சரி, பழம் தின்னுட்டுப் போ. மலை எங்கேயும் ஓடிப் போயிடாது."

இரண்டு கொய்யாப்பழம் தின்றேன். பிறகு ஏறினேன்.

பாதி மலைக்கு மேல் காட்சி மாறியது. மூங்கிலும் முள்ளுமாக இருந்த காடு போய், சவுக்கு மரம் போல் நெட்டையாக ஸில்வர் ஓக் மரங்கள். அவற்றைத் தழுவிய மிளகுக் கொடிகள். கீழே நிழலில் காப்பிச் செடிகள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இந்த மலையில் காப்பியைக் கொண்டு வந்து வைத்தார். காற்றும் குளிர்ந்தது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய ஆறு டிகிரி உஷ்ணம் குறையும். மோட்டார்க் கண்ணாடிக்குள் இருப்பவருக்கு அது கணக்கு, வியர்வையில் நனைந்த முதுகுக்கு அது வரப்பிரசாதம். மிதியின் சத்தமும் பறவைச் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தக் கடைசி ஐந்து வளைவுகளில், நான் எடையை மறந்தேன், 6.2-ஐ மறந்தேன். அம்மாவின் கேள்விக்கு, கேட்காத விஷயத்தையும் சேர்த்துப் பதில் சொன்னேன்.

ஒன்பதே முக்கால் மணிக்கு ஏரிக்கரை. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்பார்கள். எனக்கு அன்று அது, 'ஏறு! காடு!' என்று கட்டளையிட்டதாகத் தோன்றியது.

* * *

ஹோட்டலில் ஒரு மசால் தோசை, இரண்டு வடை, சர்க்கரை போட்ட காப்பி. தம்பி இன்ஜினீயர். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டான். நானும் சைக்கிளும் சேர்ந்து ஏறக்குறைய 86 கிலோ. அதை ஆயிரம் மீட்டர் தூக்க என் உடம்பு செலவழித்தது சுமார் 900 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700 கலோரி.

"அதாவது, அக்கா, எட்டுத் தடவைக்கு மேல் ஏற்காடு ஏறினால் ஒரு கிலோ. அதுவும் இந்தத் தோசையைச் சாப்பிடாமல் இருந்தால். இப்போது பாதிக்கு மேல் திரும்ப வந்தாயிற்று!"

சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது. ஆனால் கணக்கில் அவன் ஒன்றை விட்டுவிட்டான். வேலை செய்கிற தசை இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துச் சாப்பிடுகிறது. சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை, அந்தப் பசி அதற்கு இருக்கும். ஆகையால் எடை யந்திரம் அசையாத நாளிலும் உள்ளே காரியம் நடக்கிறது. மலை ஏறுவது மாதத்துக்கொரு திருவிழா. வாரத்தில் 150 நிமிடமாவது ஊர்ச் சாலையில் மிதிப்பதுதான் நித்திய பூஜை. இளைப்பதோ பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில் நடக்கிற சமாசாரம். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக் கொள்கிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக் கூடும்.

சாயங்காலம் ஏரியைச் சுற்றிய சாலையில் சைக்கிளைத் தள்ளிக் கொண்டு நடந்தோம். கூட்டம் இல்லை. அம்மா நின்றாள்.

"கொடு, பார்ப்போம்."

"அம்மா, இதிலே பார் இருக்கு."

"நான் கத்துக்கிட்டதிலேயும் பார்தான்."

புடவையைத் தூக்கிச் செருகிக் கொண்டாள். ஆசனத்தைத் தம்பி தாழ்த்தினான். நான் பின்னால் பிடித்துக் கொண்டேன். 61 வயது; முப்பது வருஷ இடைவெளி. பத்தடி ஆட்டம், அப்புறம் என் கையிலிருந்து ஆசனம் நழுவியது. அம்மா முன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் பார்த்துக் கொண்டு போனாள்.

மறுநாள் இறங்கியது முக்கால் மணி நேரம். ஏறுவது சிரமம், இறங்குவதுதான் அபாயம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, உடம்பைப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும்.

சென்ற மாதம் மறுபடி பரிசோதனை. எடை 71 கிலோ. மூன்று மாதச் சராசரி 5.8. "திண்ணையிலிருந்து எழுந்து தெருவில் இறங்கிவிட்டார். ஆனால் இன்னும் தெருவிலேதான் நிற்கிறார். சைக்கிளை விட்டுவிடாதீர்கள்" என்றார் டாக்டர்.

விட்டுவிடும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் கஷ்டம் என்னவென்றால், டாக்டரிடம் அநுமதி வாங்கிக் கொண்டு, அம்மா தினம் காலை எங்கள் தெருவை ஆறு தடவை சுற்றுகிறாள். அவள் இறங்கும் வரையில் நான் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு சைக்கிள் வாங்க வேண்டும்.