இன்ஜெக்டரும் இருபது மில்லி செகண்டும்

அடையாறுல இருக்கற நண்பன் ஒருத்தன் பழைய கார் ஒண்ணுக்கு கேம்ஷாஃப்ட் மாத்தி, ஈசியூ டியூன் பண்ணி வெச்சிருக்கான். இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டணும்னு ஆசை. போன வாரம் போன் பண்ணி, "மச்சி, இன்னும் கொஞ்சம் பவர் ஏத்தலாமா?"ன்னான். "இன்ஜெக்டர் ட்யூட்டி சைக்கிள் எவ்ளோ?"ன்னு கேட்டேன். "அப்படின்னா?"

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிடறேன். பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

தெருவுல மெட்ரோ வாட்டர் லாரி நிக்குது. குழாயை இன்னும் பெருசா திறக்க முடியாது. குடம் நிறையணும்னா கூடுதல் நேரம் பிடிக்கணும், அவ்வளவுதான். இன்ஜெக்டரும் அப்படித்தான். திறக்கும், மூடும். எவ்வளவு நேரம் திறந்திருக்குங்கறதுதான் எவ்வளவு பெட்ரோல்ங்கறது.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் விடணும். 6000 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 100 சுத்து. ரெண்டு சுத்துக்கு 20 மில்லி செகண்ட். இன்ஜெக்டருக்குக் கிடைக்கற மொத்த நேரமே இதுதான். அதுல எத்தனை சதவீதம் திறந்திருக்கோ, அதுதான் ட்யூட்டி சைக்கிள். குறுக்கு வழி: திறந்திருக்கற மில்லி செகண்டை ஆர்பிஎம்மால பெருக்கி, 1200ஆல வகுங்க.

பனகல் பார்க் சிக்னல்ல 800 ஆர்பிஎம்ல வண்டி உறுமிட்டு நிக்கும்போது 2.4 மில்லி செகண்ட் திறக்குதுன்னு வெச்சுக்குங்க. வெறும் 1.6 சதவீதம். தி.நகர்ல ஓட்டற வரைக்கும் பிரச்னையே தெரியாது!

நண்பன் டியூன் பண்ணப்ப எடுத்த லாகை அனுப்பினான். 6000ல 17 மில்லி செகண்ட். அதாவது 85 சதவீதம். டியூன் பண்றவங்க பொதுவா எல்லைக்கோடுன்னு வெச்சிருக்கறதே இந்த இடம்தான். அதுக்கு மேல போனா இன்ஜெக்டர் ஒழுங்கா மூடித் திறக்க நேரம் இருக்காது.

இதுல இன்னொரு மேட்டர் இருக்கு. அந்த லாக் எத்தனால் கலக்காத பெட்ரோல்ல எடுத்தது. 2025லேர்ந்து பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதே காத்துக்கு இ20 சுமார் 8 சதவீதம் கூடுதலா ஊத்தணும். இன்ஜெக்டர் திறக்கவே ஆகற ஒரு மில்லி செகண்டைக் கழிச்சா, மீதி 16, 17.3 ஆகுது. கழிச்சதைச் சேர்த்தா 18.3. ட்யூட்டி சைக்கிள் 91 சதவீதம்! பவர் ஏத்தறதுக்கு முன்னாடியே கோட்டைத் தாண்டியாச்சு.

எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கும், வாஸ்தவம். ஆனா ஃபுல் த்ராட்டில்ல எரிபொருளே பத்தலைன்னா சூடு ஏறும், பிஸ்டன்ல ஓட்டை விழும். கம்பெனி கண்டிஷன்ல இருக்கற வண்டிக்காரங்களுக்கு இந்தக் கவலை பொதுவா இல்லை, கம்பெனியே இடம் விட்டுத்தான் இன்ஜெக்டர் போட்டிருக்கும். நம்மள மாதிரி நோண்டறவங்களுக்குத்தான்.

"அப்ப டிராக் டே?"ன்னான் பாவமா. பெரிய இன்ஜெக்டர், அதுக்கு ஈடு கொடுக்கற பம்ப், இ20லயே மறுபடி டியூனிங். அப்புறம் போலாம்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. "சரி, புதுப்பேட்டைக்கு எப்ப போலாம்?"

உங்க வண்டியையும் நோண்டி வெச்சிருந்தா, பழைய லாகை ஒரு தடவை 1200ஆல வகுத்துப் பாருங்க மக்களே. எஞ்சின் விலைக்கு முன்னாடி ஒரு வகுத்தல் கணக்கு ரொம்ப மலிவு.