தனித்து நிற்கும் பெயர்

இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் பெயருக்குப் பஞ்சமிராது. இரண்டும் ஆணாயின் ஹஸன், ஹுஸைன் என்று அண்டை வீட்டாரே சூட்டிவிடுவர். நமது தஞ்சைத் தரணியில் 'அசன் உசேன்' என ஒரே மூச்சில் அழைப்பதும் உண்டு. இந்து சகோதரர்கள் ராமன், லட்சுமணன் என்பர். இவ்விரு இணைகளிலும் ஒரு வியப்பு இருக்கிறது. இவை இரண்டுமே இரட்டையர் பெயர்கள் அல்ல. ஹஸன் (ரலி) ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டிலும் ஹுஸைன் (ரலி) அதற்கு அடுத்த ஆண்டிலும் பிறந்தவர்கள். இராமகாதையில் லட்சுமணனோடு இரட்டையாய்ப் பிறந்தவன் சத்துருக்கனனே. இராமன் கோசலையின் மைந்தன். ஆக, மக்கள் இப்பெயர்களில் நாடுவது கருவறைத் தோழமையை அன்று, பிரியாத உடன்பிறப்பை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஹௌஸா முஸ்லிம்களும் இரட்டையருக்கு இதே பெயர்களைச் சூட்டுகின்றனர் என்று அறியும்போது நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

அந்த மகிழ்ச்சியோடு ஒரு வலியும் நமக்கு உண்டு.

1996-இல் நமது இல்லத்தில் இரண்டு ஆண் மக்கள் பிறந்தனர். நாமும் ஹஸன், ஹுஸைன் என்றே பெயரிட்டோம். மதரஸாவில் ஓதி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த பருவம். கற்றதைக் காட்டும் ஆவல் மிகுதி. ஹுஸைன் என்பது ஹஸன் என்னும் சொல்லின் 'தஸ்கீர்', அதாவது சிறுமை குறிக்கும் வடிவம் என்றும், இருவரையும் சேர்த்து 'ஹஸனான்' என்று அரபியர் இருமையில் கூறுவர் என்றும், தமிழில் ஒருமையும் பன்மையும் உண்டேயன்றி இருமை இல்லை என்றும் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினோம். குழந்தைகள் மாதம் நிறையுமுன் பிறந்தவர்கள். பத்தொன்பதாம் நாள் ஹஸன் மறைந்தான்.

அதன் பின்னர், "பையன் பெயர் என்ன?" என்று கேட்டவர்கள், ஹுஸைன் என்றதும், "அப்படியானால் ஹஸன் எங்கே?" என்று அன்போடு வினவுவார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நமது இல்லாள் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். படுகையில் விளைந்த ஒட்டு வாழைப்பழத்தை அவள் தின்றதால்தான் இரட்டை தரித்தது, அதனால்தான் பிள்ளை போயிற்று என்று வீட்டுப் பெரியவர்கள் கூறினர். அதில் உண்மையில்லை என்று நமது மனம் அறிந்திருந்தது. ஆயினும் மூத்தோர் சொல்லை மறுக்கத் துணிவின்றி வாளாவிருந்தோம். கல்வி கற்றவன் பேசவேண்டிய இடத்தில் மௌனம் காப்பது சிறு பிழையன்று.

இரட்டைப் பேறு இரு வகைப்படும். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து வளர்வது ஒரு வகை. இது உலகெங்கும் ஏறக்குறைய ஒரே அளவில், ஆயிரம் பேறுகளுக்கு மூன்று நான்கு என நிகழ்கிறது. ஒரே மாதத்தில் இரண்டு சினைமுட்டைகள் முதிர்ந்து தனித்தனியே கருவுறுவது மற்றொரு வகை. தாயின் வயது முப்பதைக் கடக்கும்போதும், பல பிள்ளைகளைப் பெற்ற பின்னரும், தாயின் குடும்பத்தில் முன்பே இரட்டையர் இருக்கும்போதும் இது மிகும். இக்காலத்தில் கருத்தரிப்புச் சிகிச்சையும் ஒரு காரணம். நைஜீரியாவின் யொருபா மக்களிடையே இரட்டையர் மிகுதி. நமக்கு அண்மையில், மலப்புறம் மாவட்டத்துக் கொடிஞ்ஞி என்னும் ஊரில், ஏறத்தாழ 2000 குடும்பங்களுக்கிடையே 200 இணைகளுக்கு மேல் உள்ளனர். வாழைப்பழத்திற்கு இதில் பங்கேதும் இல்லை. நமது இல்லாளின் பெரியம்மாவுக்கும் இரட்டையர் பிறந்திருந்தனர் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சென்ற தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, நமது மூத்த மகளுக்கு இரட்டைப் பெண் மக்கள் பிறந்தனர். வந்திருந்த உறவினருள் ஒருவர், "இரண்டுமே பெண்ணா?" என்று பெருமூச்செறிந்தார். மற்றொருவர் ஒட்டுப் பழத்தின் கதையைத் தொடங்கினார். இம்முறை நாம் வாளாவிருக்கவில்லை. ஆணா பெண்ணா என்பது தந்தையின் வித்தைப் பொறுத்தது என்று கூறினோம். அஷ்ஷூரா அத்தியாயத்தில் மக்கட்பேற்றைப் பற்றிக் கூறும் இறைவன், ஆண்மக்களுக்கு முன்னதாகப் பெண்மக்களையே குறிப்பிடுகின்றான் என்பதையும் நினைவூட்டினோம். பெருமூச்சு அடங்கியது.

பின்னர் பெயர்ப் பேச்சு வந்தது. எதுகையும் மோனையும் பொருந்த இணை இணையாகப் பெயர்கள் குவிந்தன. "அத்தா, நீங்களே சொல்லுங்கள்" என்றாள் மகள். நாம் வாய் திறக்குமுன் நமது இல்லாள் கூறினாள்: "ஒன்றைக் கூப்பிட்டால் மற்றொன்றைத் தேடாத பெயராக வையுங்கள்."

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் இலக்கணம் பயிற்றும் நமக்கு அன்றுதான் ஒரு பாடம் விளங்கிற்று. 'சலசல' என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது. 'வருக வருக' என்பது அடுக்குத்தொடர். பிரித்தாலும் ஒவ்வொன்றும் பொருள் தரும். இரட்டைப் பிள்ளைகளின் பெயர் இரட்டைக்கிளவியாக இருத்தலாகாது. மார்க்கமும் இதையே காட்டுகிறது. இரட்டையராயினும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே அகீகா கொடுக்கவேண்டும் என்பது அறிஞர் கூற்று. இருவருக்கும் சேர்த்து ஓர் ஆடு என்று எவரும் உரைத்திலர்.

அப்படியானால் ஹுஸைன் என்னும் பெயர் குறையுடையதா? ஒருபோதும் இல்லை. தமையனார் மறைந்த பின்னரும் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, ஹிஜ்ரி 61-இல் கர்பலாவில் தனித்து நின்ற பெருமகனாரின் பெயர் அது. தனித்து நிற்க அதற்கு ஆற்றலுண்டு. நாம்தாம் அதை இணைப் பெயராகவே எண்ணி, நம் மகனைப் பாதிப் பிள்ளையாகப் பார்த்துவிட்டோம்.

ஏழாம் நாள் இரண்டு ஆடுகள் அறுக்கப்பட்டன. கதீஜா, மர்யம் என்று பெயரிட்டோம். எதுகையுமில்லை, மோனையுமில்லை. குழந்தைகளை ஒவ்வொருவராகக் கையிலேந்தி, அவரவர் பெயரை முதன்முதலில் தனித்தனியே அழைத்தவன் அவர்களுடைய தாய்மாமன் ஹுஸைன். நமது இல்லாள் அன்று அடுக்களைக்குள் போகவில்லை. வாயிற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.