காரைக்குடியும் ஓலைக்கொட்டானும்

சிவகங்கை மாவட்டத்தின் பெரிய ஊர் காரைக்குடி. 1928இல் நகராட்சியாகி, 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. ஊரின் பேர் சொல்ல வள்ளல் அழகப்பர் தொடங்கிய கல்லூரிகளும், 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் இருக்கின்றன. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் தேடி வருவது சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களையும் அவற்றின் வீடுகளையும்தான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று தொடங்கி எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். வானம் பார்த்த பூமி; பெரிய ஆறு கிடையாது. இந்த மண்ணில் மாளிகைகள் எழக் காரணம் கடல் கடந்து போன வணிகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா எங்கும் கடைவைத்து வட்டித்தொழில் நடத்தினார்கள். கப்பலில் போன ஆண்கள் மூன்றாண்டுத் தவணை முடித்துத்தான் ஊர் திரும்புவது வழக்கம். அதுவரை வீட்டையும் வரவு செலவையும் உறவுமுறைகளையும் தாங்கியவர்கள் ஆச்சிகள் எனப்படும் வீட்டுப் பெண்கள். முகப்பு, வளவு என்னும் உள்முற்றம், கட்டுகள் என்று ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீளும் வீட்டுக்குப் பர்மாத் தேக்கு ரங்கூனிலிருந்தும் சலவைக்கல் இத்தாலியிலிருந்தும் வந்தன. அதே வீட்டின் வளவில் உட்கார்ந்து பெண்கள் பின்னிய பொருளுக்கு மட்டும் அயல்நாட்டுச் சரக்கு தேவைப்படவில்லை. அது பனை ஓலைக் கொட்டான்.

கொட்டான் என்பது கையளவிலிருந்து இரு கையாலும் தூக்கும் அளவு வரை பின்னப்படும், சதுரமான அடிப்பகுதி கொண்ட கூடை. வெற்றிலை பாக்கு, பூ, பழம், பலகாரம் எதுவும் அதில்தான் போகும். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைக்கும்போது வெள்ளிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே கொட்டானுக்கும் இடம் உண்டு.

வேலை குருத்தோலையில் தொடங்குகிறது. முற்றிய ஓலை மடக்கினால் ஒடிந்துவிடும் என்பதால் இளம் ஓலையை வெட்டி வெயிலில் உலர்த்துகிறார்கள். நடு ஈர்க்கை நீக்கி, ஒரே அகல நாடாக்களாகக் கிழிக்கிறார்கள். சாயம் கரைத்த கொதிநீரில் சில நாடாக்களை முக்கி எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஊதாவும் ஏறும். பின்னும் நேரத்தில் ஓலையில் ஈரம் இருக்க வேண்டும். முதலில் அடி, அதன் மூலைகளை மடக்கி மேலேற்றினால் பக்கங்கள். வாயைச் சுற்றிக் கட்டி முடித்த பிறகு வருவது அலங்காரம்: குரோஷாப் பின்னல், பாசிமணி, ஜிகினா. கட்டம் வரும் இடத்தை விரல்களே எண்ணிக்கொள்வதால் பின்னத் தெரிந்தவர்களுக்கு வரைபடம் தேவையில்லை. கண்ணால் பார்த்து மட்டும் கற்க முடியாத கைவேலை இது.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் செட்டிநாட்டின் செல்வத்துக்கு அடிவேர் அறுந்தது. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தன, பல பிரிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. வீடு கலைந்தாலும் தேக்குக் கதவுக்கு வேறொரு வாசல் கிடைத்துவிடுகிறது. கைவேலைக்கு அப்படி ஒரு வழி இல்லை; பின்னுகிறவர் கற்றுக்கொடுக்காமல் போனால் அதுவும் அவரோடு போய்விடும். பிளாஸ்டிக் பை வந்தபின் கொட்டான் அந்த நிலைக்குத்தான் வந்து சேர்ந்தது.

மீட்பு முயற்சி 2000இல் தொடங்கியது. விசாலாட்சி ராமசாமி எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையை நிறுவி, வட்டாரக் கிராமப் பெண்களுக்குப் பின்னல் கற்பிக்க ஏற்பாடு செய்தார். ஆச்சிகள் தம் வீட்டுக்காகப் பின்னியது கூலி தரும் தொழிலாயிற்று. இந்த மாற்றமே கொட்டானைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். இப்போது அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. காரைக்குடித் தறிகளில் நெய்யும் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் அதே தகுதி கிடைத்தது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அதற்குப் பிறகு தாம்பூலத்துக்கும் பரிசுப் பொருளுக்கும் ஓலைப்பின்னலைக் கேட்பவர்களுக்குக் காரணம் இன்னும் ஒன்று கூடியிருக்கிறது. ஆனால் கேட்கும் அளவுக்கு ஓலை கிடைப்பது எளிதல்ல. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அப்படி மரம் காக்கப்பட்டு நின்றாலும் ஏறிக் குருத்து வெட்டத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். பனையேறிகளுக்கு நல்ல கூலியும் பாதுகாப்பும் கிடைத்தால்தான் காரைக்குடிப் பக்கத்துப் பெண்களின் கைக்கு ஓலை வரும்.